படம் எடுக்கிற மருமகள்

அமலராணிக்கு டென்மார்க்கிலை, பிரெடெரிசியாவிலை ஒரு முதியோர் இல்லத்திலை வேலை. நல்ல மனுசிதான்; ஆனால் ஆக்கள் என்ன கதைப்பினமோ எண்ட பயம் அவவுக்கு ரத்தத்திலை ஊறினது. மகன் ஜெனுஷன், ஐடா எண்ட டெனிஷ் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்து மூண்டு வருசம். ரொறன்ரோவிலை இருக்கிற அக்காவுக்கு அவ இன்னும் மூச்சு விடேல்லை. "அவனுக்கு இப்ப என்ன அவசரம் அக்கா" எண்டே காலத்தை ஓட்டினா.

ஒளிக்கிறதுக்கு அவ கண்ட வழியைக் கேளுங்கோ. நத்தார், பிறந்தநாள் எண்டு குடும்பப்படம் எடுக்கிற நேரம் ஃபோனை ஐடாவின்ரை கையிலை குடுத்திடுவா. "நீர்தான் வடிவா எடுப்பீர்." எடுக்கிறவள் படத்திலை விழமாட்டாள்தானே. உடனை வாட்சப்பிலை கனடாவுக்குப் போயிடும். என்ன கெட்டித்தனம் பாருங்கோ.

போன கிழமை ஜெனுஷன் வந்து, வைச்ச கோப்பியையும் தொடாமல், "ஐடா களைச்சுப்போனாள் அம்மா. இந்த வீட்டிலை அவளுக்கு இடமில்லையெண்டால் எங்கடை கலியாணமும் நிலைக்காது" எண்டான்.

"நான் அவளை ஒரு சொல்லுச் சொன்னனானோ?" எண்டு அமலராணி பாய்ஞ்சா.

வியாழன் பின்னேரம் இல்லத்திலை பழைய ஹொலிவூட் படம் போட்டவை, பேசாப்படக் காலத்தது. கப்பல்காரன் ஒருத்தன் கீழைநாட்டுப் பிள்ளையைக் கட்டிக் கூட்டிவாறான். தாய்க்காரி சாப்பாட்டு மேசையிலை ஒரு தட்டைக் குறைச்சு வைக்கிறா. ஒரு நாள் அந்தப் பிள்ளை தனியக் கப்பலேறிப் போயிடுது. அமலராணிக்குக் கண்ணீர் வழியுது. "நாசமாய்ப் போனவள், ஒரு தட்டு வைச்சால் என்ன குறைஞ்சு போவாளோ" எண்டு தமிழிலை திட்டினா.

பக்கத்திலை இருந்த கிழவர் என்ன சொல்லுறாய் எண்டு கேட்டார். டெனிஷிலை சொல்ல வாய் திறந்தவவுக்கு, தான் நீட்டிற ஃபோன் நினைவுக்கு வந்திட்டுது. வெட்கத்திலை முகம் எரிஞ்சுது. ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுக் கோப்பைகளைப் பொறுக்கினா.

ஞாயிற்றுக்கிழமை மனுசன் யேசுரட்ணத்தின்ரை பிறந்தநாள். இண்டைக்கு ஐடாவை நடுவிலை நிப்பாட்டிறது எண்டு முடிவெடுத்திருந்தா. கேக் வெட்டி முடிய எல்லாரும் சோபாவடியிலை கூடிச்சினம். அமலராணி வாய் திறக்க முந்தியே ஐடா தட்டை வைச்சு, கையைத் துடைச்சு, முன்னாலை வந்து ஃபோனுக்குக் கை நீட்டினாள்.

"இல்லைப் பிள்ளை, நீரும் வந்து நில்லும். ஃபோனை அலுமாரியிலை வைச்சு எடுப்பம்."

ஐடா சிரிச்சாள். கோபச் சிரிப்பெண்டாலும் தாங்கலாம்.

"பரவாயில்லை அமலா. இது கனடாவுக்குப் போறதெல்லோ."

ஜெனுஷன் நிலத்தைப் பார்த்தான். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இவ்வளவு காலமும் எடுத்திருக்கிறாள். அமலராணிக்கு அதிலை நிக்கக் கூசிச்சுது. அக்காவுக்கு வீடியோக் கோல் அடிச்சா.

"அக்கா, இவ ஐடா, என்ரை மருமகள். மூண்டு வருசமாய் உங்களுக்கு ஒளிச்சுப்போட்டன்."

அக்கா திரைக்குக் கிட்ட வந்தா.

"பெடியன் கலியாணத்தண்டே எங்களுக்குச் சொன்னவன் அமலா. நீயாய்ச் சொல்லுவாய் எண்டு இருந்தனாங்கள். படம் வர வர, எடுத்தவள் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும்."

பக்கத்திலை நிண்ட ஐடாவை நிமிர்ந்து பார்க்க அமலராணியாலை முடியேல்லை.