பட்டன் டயரும் காதுகுத்தும்

என் வீட்டுக்காரர் ஆட்களை முகம் பார்த்து அடையாளம் கண்டு நான் பார்த்ததில்லை. வாசலில் வண்டி வந்து நின்றால் முதலில் குனிந்து டயரைப் பார்ப்பார். "பின் சக்கரத்துல வலது ஓரம் தேஞ்சிருக்கு. அப்ப பெரிய மாமாதான்" என்று சொல்லிவிட்டு நிமிர்வார். பெரிய மாமா அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்து பாதி காபியைக் குடித்து முடித்திருப்பார்.

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில் எங்களுக்கு டயர் ரீட்ரேடிங் கடை. தேய்ந்து மொட்டையாகிப்போன டயரை அரைத்து, மேலே புது ரப்பர் ஒட்டி, அச்சில் போட்டு வேகவைத்து எடுப்பார்கள். தொண்ணூறுகளில் அந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு மவுசு. கல்யாணமாகி வந்த புதிதில் வீடு முழுக்க ரப்பர் வெந்த வாடை, சோற்றில்கூட அடிக்கும். வந்த மாதமே நான் வாந்தி எடுத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் விசேஷம் என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இல்லை, டயர் வாடைதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அவருக்கு ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு டயர். தார் ரோட்டுக்கு நீளக் கோடு போட்ட டயர். சேற்றுக்குக் கட்டைகட்டையாய்த் துருத்திக்கொண்டு நிற்கிற பட்டன் டயர். சாணார்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணை அவர் மதிக்கவே மாட்டார், அதில் எந்த டயரும் ஓடுமாம். கரிசல் என்று வந்துவிட்டால்தான் குரலே மாறும். மழையில் நனைந்த கரிசல், பட்டன்களுக்கு நடுவில் போய் அப்பிக்கொண்டால் புது டயரும் மொட்டை டயர்தான் என்பார். இதை விளக்குவதற்கு அவருக்கு வேறு இடம் கிடைக்காது. சாப்பிடும்போது கேழ்வரகுக் களிக்குள் கையை விடுவார். "வெரலச் சேத்து வச்சா ஒட்டுது பாத்தியா? விரிச்சு வச்சா விழுந்துருது. அம்புட்டுதான் சூட்சுமம்." தரையெல்லாம் களி. துடைப்பது யார்? நான்தான்.

அவருக்கு ஒரே தங்கச்சி. அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு என்றால் இவர் ஒருத்தர்தான். கீரனூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தங்கமானவர், மாமியார்தான் கொஞ்சம் காரம். அந்தக் காரத்துக்கு வேலை வைத்ததும் இந்த மனுஷன்தான்.

என் நாத்தனாரின் வளைகாப்புக்கு நான் வளையல்களோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டேன். இவர் ஏழு வகைச் சோற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். வரவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மண்பாதையில் இதுவரை பார்த்தறியாத டயர் தடம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அது எந்த லாரி என்று தெரிந்துகொள்ளத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், ஏதோ தோட்டத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த லாரியைக் கண்டுபிடித்து, அதன் டிரைவரோடு உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். அதற்குள் வந்த சனத்துக்கு அவசர அவசரமாக உப்புமா கிண்டிப் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் அதற்கு உப்புமா வளைகாப்பு என்றுதான் பெயர். "உங்கண்ணனுக்குக் கூடப் பொறந்தது நீயா, டயரா அம்மணி?" என்று மாமியார் கேட்டபோது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏழு சட்டிச் சோற்றையும் அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

பையன் பிறந்தான். முதல் மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். நாத்தனார் கடைக்குப் போன் பண்ணி, "அண்ணே, ராகு காலத்துக்கு முன்னாடி நீ வந்து உக்காரலைன்னா எம் புள்ளைய வேற மடியில வச்சிருவாங்க. எங்க மாமியா ஆளே பாத்து வச்சிருக்காங்க" என்றாள். இவர் ரிசீவரை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. இந்த ஆளுக்கும் கலங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் புத்தி எங்கே போகும்? முந்தின வாரமே பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அப்போது நல்ல மழை. தார் ரோட்டிலிருந்து கோயிலுக்குப் பிரிகிற கரிசல் பாதை முழங்கால் சேறு. முழங்கால் வரை அப்பிய மண்ணோடு, பரிசு வாங்கின முகத்தோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து கடையில் வேறு வேலை நடக்கவில்லை. வேனுக்குப் பின் டயர்களை ஸ்பெஷலாகத் தயாரித்தார். உயரமான பட்டன், நடுவில் அகலமான இடைவெளி, அச்சில் வந்தது போதாதென்று கத்தியால் வேறு ஆழமாக வெட்டிவிட்டார். "இத மிஞ்சி ஒரு சேறு இருக்கா?" என்று டயரைத் தட்டித் தட்டிச் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லோரும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். டயர் வெந்து இறங்கத் தாமதமானதால் நாங்கள் இரண்டு பேரும் சீர்த்தட்டுகளோடு வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பினோம்.

தார் ரோட்டில் அந்தப் பட்டன்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! ஙொய்ங் என்று காதைத் துளைத்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஏதோ பெரிய வண்டி வருகிறது என்று ரோட்டை விட்டு இறங்கி நின்றார்கள். வந்தது எங்கள் வேன். இவருக்கு ஒரே பெருமை. "சத்தத்தப் பாக்காத, சேறு வரட்டும்" என்றார்.

சேறு வரவில்லை. ஒரு வாரமாக அடித்த வெயிலில் கரிசல் காய்ந்து இறுகிக் கல்லாகிக் கிடந்தது. மழையில் மாட்டுவண்டிகள் போன தடமெல்லாம் அப்படியே கெட்டியாகிவிட்டது. அதன் மேல் எங்கள் பட்டன்கள் ஏறி இறங்க, தாம்பாளங்கள் குதித்தன. வாழைத்தார் உதிர்ந்தது. சர்க்கரைப் பொட்டலம் உடைந்து பையனுக்கு எடுத்த பட்டுச் சட்டைமேல் கொட்டியது. எனக்குப் பல்லெல்லாம் ஆடியது. "என்னங்க, சேத்தக் காணோம்?" என்று கேட்டேன். மனுஷன் முகத்தில் ஏமாற்றம், கல்யாணத்தில் பெண்ணைக் காணோம் என்கிற மாதிரி.

அடுத்து ஓடை. முந்தின வாரம் அங்கே கணுக்கால் தண்ணீர்தான் ஓடியதாம். இப்போது தண்ணீர் வற்றி, அன்றைக்கு ராத்திரியே வந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய புதுமணல் அகலமாகப் பரந்து கிடந்தது. நடு ஓடையில் வேன் நின்றது. இவர் வேகத்தைக் கூட்டினார். அந்த உயரமான பட்டன் ஒவ்வொன்றும் மண்வெட்டி ஆகிவிட்டது. மணலை அள்ளி அள்ளிப் பின்னால் வீசியதே தவிர, வண்டி முன்னால் ஒரு சாண் நகரவில்லை. கீழேதான் போனது. தூரத்து மேட்டில் கோயில் ஆலமரம் தெரிந்தது. மேளச் சத்தம்கூடக் கேட்டது.

"ஏங்க, தட்டுகளத் தூக்கிக்கிட்டு நடந்துருவோம்" என்றேன்.

"செத்த பொறு. இன்னும் ஒரே ஒரு தடவ."

அந்த ஒரே ஒரு தடவை பல தடவை ஆனது. அப்போது பின்னால் ஒரு வேன் வந்தது. சமையல்காரர்களின் வேன், உள்ளே குண்டான்கள், கரண்டிகள், வாழை இலைக் கட்டுகள். அதன் டயர்களைப் பார்த்ததும் இவர் முகம் சுளித்தார். சுத்த மொட்டை. அதுவும் காற்று பாதி இறங்கி, தரையோடு சப்பையாகப் பரவிக் கிடந்தது. அந்த வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு மணல்மேல் மிதந்து போய் அக்கரையில் நின்றது.

"டயருக்கு என்னப்பா பண்ணி வச்சிருக்க?" என்று இவர் கத்தினார்.

"ஒண்ணும் பண்றதில்லைங்ணா. காத்தடிக்கவே சோம்பேறித்தனமுங்க" என்றான் அந்த டிரைவர். "ஏறிக்குங்க, கோயிலுக்குத்தான் போறமுங்க."

நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவர் அசையவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அந்த மொட்டை டயர்லயா? நானா? எந் தொழில் என்னாகுறது?" என்றார். தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்தப்போகிறார்கள், இவருக்குத் தொழில் மானம்! "நீங்க உங்க டயரக் கட்டிக்கிட்டே கெடங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, குண்டான்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

கோயிலில் பையனுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசி வைத்திருந்தார்கள். ஆசாரி ஊசியோடு தயார். முறைக்கு மாமன் ஆகிற ஒருத்தர் பட்டு வேட்டியில் தொடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு நின்றார். என்னைத் தனியாகப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் வெளிறிப்போனது.

"அண்ணன் எங்க மதினி?"

"ஓடையில. வண்டி புதைஞ்சிருச்சு."

"நாந்தான் சொன்னனே" என்றார் மாமியார். "நேரம் ஆகுதுங்க. புள்ளைய இவிய மடியில குடு அம்மணி."

வளைகாப்பில் தலையைக் குனிந்த பிள்ளை இப்போது குனியவில்லை. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மாமன் இங்கன வந்து உக்காந்தாத்தான் மாமனா அத்தை? வர்ற வழியில உக்காந்திருந்தா மாமன் இல்லையா? எம் புள்ளைக்கு மாமன் ஒருத்தர்தான். நான் ஓடைக்குப் போறேன்" என்றாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நான் பயந்தேன். அவரோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஓடை வரைக்கும் நம்ம சாமி எல்லைதானுங்க. என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ஆசாரி, வண்டில ஏறுங்க!" என்றார்.

அதே மொட்டை டயர் வேனில் குழந்தை, ஆசாரி, மாமியார், நாங்கள், மேளக்காரர்கள் என்று அடைத்துக்கொண்டு போனோம். ஓடையில் எங்கள் வேன் அச்சுவரை இறங்கியிருந்தது. இவர் வேட்டியெல்லாம் மணலாக, சம்மணம் போட்டுக் கீழே உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். எல்லாம் முடிந்துபோயிருக்கும், தங்கச்சியைப் பார்க்கிற முகம் இல்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்தாராம். எங்களைப் பார்த்ததும் பதறி எழப்போனார்.

"எந்திரிக்காதண்ணே" என்றாள் தங்கச்சி. "அப்படியே உக்காரு. நேரமிருக்கு."

"கையெல்லாம் மணலா இருக்கு புள்ள."

"மடி இருக்குல்ல?" என்று பையனை அவர் மடியில் வைத்தாள்.

மேளம் கொட்டியது. ஆசாரி மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு காதைக் குத்தினார். பையன் வீல் என்று கத்தினான். அதற்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. யார் என்று பார்த்தால் இவர். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, தோள் குலுங்க அழுகிறார். மடி ஆடியதில் பையனும் சேர்ந்து ஆடினான். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, கொழந்தைய நான் பாத்துக்கறனுங்க. நீங்க மாமனச் செத்த புடிச்சுக்குங்க."

நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.