திரவப் படிகமும் நாலரை பஸ்ஸும்

தூத்துக்குடியில் முனைவர் பட்டத்துக்காக நான் தயாரித்துக்கொண்டிருந்தவை திரவப் படிகங்கள். சூடாக்கினால் எண்ணெய்போல ஓடும். ஆனாலும் உள்ளே மூலக்கூறுகள் வரிசை குலையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் வண்ண வண்ணமாக மின்ன வேண்டும். நான் செய்த ஏழு சேர்மங்களும் உருகியதும் கறுப்பாகிவிட்டன. ஏழுக்கும் நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். எட்டாவதும் கைவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி பேராசிரியை சொல்லிவிட்டார்.

எட்டாவதும் கறுப்புதான். வழக்கம்போலச் சூடேற்றியை அணைத்துவிட்டு நாலரை மணி முத்தையாபுரம் பஸ்ஸுக்கு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து பஸ் போய்விட்டது. நடத்துநரை மனதாரத் திட்டிக்கொண்டே ஆய்வகத்துக்குத் திரும்பி, பொழுது போகாமல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.

ஆறிக்கொண்டிருந்த கறுப்புக்குள் பச்சையும் ரோஸுமாக நூல் நூலாய் நெளிந்தது. சில சேர்மங்கள் சூடேறும்போது ஒன்றும் காட்டாது, ஆறும்போதுதான் காட்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு வருடத்தில் ஒன்றையாவது ஆறவிட்டுப் பார்த்தேனா? எனக்குப் பஸ்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

“பஸ்ஸுக்கா ஓடுன?”

“ஆமா மேடம்.”

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ பீரோவைத் திறந்து, தான் பட்டம் வாங்கிய ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அங்கேயும் ஒரு ‘இல்லை’.

“ஏளா, எனக்கு அப்போ ஆறுமுகநேரி பஸ்” என்றார் மெதுவாக.

அலமாரியின் அடியிலிருந்து அந்தச் சேர்மம் இருந்த பழைய குப்பியைத் தேடி எடுத்தார். என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். உருக்கினோம், ஆறவிட்டோம். அது மின்னிவிட்டால் அவர் ஆய்வேட்டில் எழுதிய ‘இல்லை’ பொய்யாகிவிடும். ஆராய்ச்சி தோற்க வேண்டுமென்று ஒருவர் சாமி கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்து, சட்டென்று உறைந்து கட்டியானது. இடையில் ஒரு நூல்கூட இல்லை.

“ஒண்ணுமில்லளா!” என்று ஸ்டூலைவிட்டுத் துள்ளி எழுந்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “ஒன்னோட ஏழையும் எடு. ஆறுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது” என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஏழில் மூன்று மின்னின. அவருக்கு ஒரே பூரிப்பு. எனக்கோ மின்னாத நான்கைப் பார்த்துத்தான் உயிர் வந்தது. நான் எழுதிய ‘இல்லை’களில் நாலு மட்டுமாவது உண்மையாகிவிட்டதே!