படவேட்டு மலையில் மூன்று செடிகள்

ஆரணி தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் உட்காரும் அன்புச்செல்வியை ஊரில் பலருக்கும் தெரியும். பட்டுச் சேலைப் பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிடுவார். பிறகுதான் தராசில் வைப்பார். தாவரவியலில் முதுகலை படித்தவர் என்பது, அவருடன் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவரும் சொல்வதில்லை.

சொந்த ஊர் பெரணமல்லூருக்குப் பக்கத்தில். அப்பா சின்னதுரை, அம்மா அம்மணி இருவருக்கும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், மேற்படிப்புக்குச் சென்னை போகிறேன், செடி கொடிகளைப் பற்றிய படிப்பு என்று மகள் சொன்னபோது அம்மணி சிரித்துவிட்டார்.

“நாள் பூரா நான் புடுங்கிப் போடற களையவா நீ மெட்ராஸ் போய் படிக்கப் போற?”

“ஆமாம்மா. அது நம்ம கழனியில ஏன் முளைக்குது, அடுத்த ஊர்ல ஏன் முளைக்கலன்னு படிக்கப் போறேன்.”

“அத அந்தக் களையத்தான் கேக்கணும்” என்றார் அம்மணி. ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது, அதுவரை கவனித்திராத இரண்டு செடிகளை ஈரத்துணியில் சுற்றி மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் அன்புச்செல்விக்கு மிகவும் பிடித்த பாடம் தாவரப் புவியியல். செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் உண்டு. அது கிடைத்த இடங்களிலெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளிகள் ஓரிடத்தில் நின்றுபோகும். ஏன் அங்கே நின்றது, மண்ணாலா, மழையாலா, மலையின் உயரத்தாலா என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. விடுதி அறையில் மாணவிகள் நான்கு பேர், கட்டில் மூன்று. கட்டிலுக்கு அடியிலெல்லாம் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செடிகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாசனையை இன்றைக்கும் அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது.

அந்த அறையில்தான் சந்தனா பழக்கமானாள். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். வெங்காயம், உருளைக்கிழங்கு தொடமாட்டாள். செடியை வேரோடு பிடுங்கவும் அவளுக்கு மனம் வராது. ஆனால் வேர் இல்லாத மாதிரியைத் துறையில் ஏற்கமாட்டார்கள். அதனால் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தோண்டுவது அன்புச்செல்வி. தாளில் பரப்பி, காயவைத்து, எந்த இடத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு எழுதுவது சந்தனா. அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

கடைசி வருட ஆய்வுக்குப் படவேட்டுக்கு மேலே உள்ள ஜவ்வாது மலைச் சரிவை எடுத்துக்கொண்டார்கள். ஆரணியில் சந்தனாவின் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடிப்பார்கள். செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், ஓடைக்கு மேலே ஒரு பாறையின் நிழலில், தரையோடு ஒட்டிய ஒற்றை இலையும் குச்சி போன்ற தண்டும் வெளிர்பச்சைப் பூக்களுமாக மூன்று சின்ன ஆர்க்கிட் செடிகளைப் பார்த்தார்கள். அது அவ்வளவு வடக்கே வளர்வதாக அவர்கள் படித்த எந்தப் பட்டியலிலும் இல்லை.

அன்புச்செல்வி மண்கொத்தியை எடுத்தார்.

“வேணாண்டி. மூணுதான் இருக்குது” என்றாள் சந்தனா.

“கெழங்கு இல்லாம எடுத்துகினு போனா யார் நம்புவாங்க?”

“நம்பலன்னா போறாங்க. படம் வரைஞ்சிக்கலாம்.”

அன்புச்செல்வி கேட்கவில்லை. ஒரு செடியைக் கிழங்கோடு தோண்டி எடுத்தார். இறங்கி வரும் வழியெல்லாம் சந்தனா நாலடி முன்னாலேயே நடந்தாள். அன்று மாலை சீட்டில் ‘படவேடு, மலைச் சரிவு’ என்று மட்டும் எழுதினாள். ஓடையும் இல்லை, பாறையும் இல்லை.

“இடத்த ஏன் எழுதல?”

“எழுதினா இன்னொருத்தர் வந்து மீதி ரெண்டையும் தோண்டுவாங்க.”

பேராசிரியர் மகிழ்ந்துபோனார். வரைபடத்தில் புதிய புள்ளி விழுந்தது. ஆனால் அடுத்த செப்டம்பரில் அன்புச்செல்வி தனியாக அந்தப் பாறைக்குப் போனபோது அங்கே ஒரு செடியும் இல்லை. மண்ணில் கைவைத்துத் தேடினார். தான் தோண்டியதால்தான் மற்ற இரண்டும் அழிந்துபோயின என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடமே அப்பா நோயில் படுத்துவிட்டார். அன்புச்செல்வி தபால் துறைத் தேர்வு எழுதி வேலையில் சேர்ந்தார். சந்தனா ஆராய்ச்சி முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். பொங்கலுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் ஒருநாள் ஒரு பெண் கவுன்டருக்கு வந்தார். கையில் பார்சல் எதுவும் இல்லை.

“அன்புச்செல்வி மேடம் நீங்கதானேங்க? என் பேரு லாவண்யா, ஆர்க்கிட் பத்தி ஆராய்ச்சி பண்றேன். சந்தனா மேடம் உங்களப் பாக்கச் சொன்னாங்க.” செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பழுப்பேறிய தாளில் அந்தச் செடி. கீழே சந்தனாவின் கையெழுத்து. “அதுக்கப்புறம் யாரும் இதப் பாத்ததா பதிவே இல்லைங்க. மேடத்துக்கு இடம் ஞாபகம் இல்லியாம். தோண்டினவளுக்குத் தெரியும்னு சொன்னாங்க.”

தோண்டினவள். அந்தச் சொல் அன்புச்செல்வியைக் குத்தியது. “போய்ப் பிரயோஜனம் இல்லம்மா. அங்க எதுவும் இல்ல” என்றார். லாவண்யா விடவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வனத்துறை அனுமதியோடு இருவரும் ஏறினார்கள். அன்புச்செல்விக்கு முழங்கால் வலி. ஓடைக்கரை முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. பாறையைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரமானது. அதன் நிழலில் ஒன்றுமில்லை. “சொன்னேன் இல்ல” என்று அவர் திரும்பும்போது, பாறையின் மறுபக்கத்திலிருந்து லாவண்யா மெதுவாகக் கூப்பிட்டார்.

அங்கே ஏழு செடிகள் இருந்தன.

அன்புச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோண்டியதற்கு அடுத்த வருடம் தனியாக வந்து தேடியதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார்.

“மழை சரியில்லாத வருஷம் இது மேல வராதுங்க” என்றார் லாவண்யா. “கெழங்கு மண்ணுக்குள்ளயே தூங்கும். ஒரு வருஷம், சில சமயம் ரெண்டு வருஷம் கூட. அன்னிக்கி உங்க காலுக்குக் கீழயே இருந்திருக்கும்.”

படவேட்டில் டவர் கிடைத்ததும் அன்புச்செல்வி சந்தனாவைப் போனில் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் தேடிப் போனத ஏண்டி சொல்லல?”

“நீ திட்டுவன்னு.”

“திட்டித்தான் இருப்பேன். கூட வந்து தேடியும் இருப்பேன்.”

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னபோது, இருவரும் அழுதீர்களா என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்றார் அன்புச்செல்வி.

திங்கட்கிழமை அவர் மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். சந்தனா கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். லாவண்யாவோடு சேர்ந்து அந்தச் சரிவு முழுவதையும் நடந்து பார்ப்பதாகத் திட்டம். காரணம் என்ற இடத்தில் ‘களப்பணி’ என்று எழுதியிருந்ததைப் போஸ்ட்மாஸ்டர் கமலக்கண்ணன் இரண்டு முறை படித்தார்.

“களப்பணின்னா இன்னா மேடம்?”

“செடி பாக்கப் போறேன் சார்.”

“எந்தச் செடி?”

அன்புச்செல்வி அந்த நீளமான லத்தீன் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். கமலக்கண்ணன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.