மன்னிப்புக் கடிதத்தில் ஒரு 'டு'

1930-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஒரு நாள் குழந்தைக்குக் கடும் ஜுரம். லீவு கேட்டேன், துரை மறுத்தார். ஆத்திரத்தில், "யூ ஆர் அன்ஜஸ்ட், சார்" என்று சொல்லிவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலைக்குள் எழுத்தில் மன்னிப்பு வரவேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றார் துரை.

சாயங்காலம் மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது ஜுரம் இறங்கியிருந்தது. உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அதில் முக்கியமான வரி: 'ஐ ரிக்ரெட் டு ஸே தட் யூ வேர் அன்ஜஸ்ட்.' பி.ஏ. படித்தவன் என்ற மிதப்பில், மடிக்குமுன் மனைவிக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். அவள் கல்யாணத்துக்கு முன் கான்வென்டில் படித்தவள். ஆனால் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசியதில்லை.

குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன்னா, இதைக் குடுத்தேள்னா மறுபடியும் வைஞ்ச மாதிரின்னா ஆயிடும்?"

"மன்னிப்புதானேடி கேட்டிருக்கேன்?"

"'டு ஸே'ன்னா, 'சொல்றதுக்கு வருத்தமாத்தான் இருக்கு, ஆனாலும் நீர் நியாயம் தப்பினவர்தான்'னு அர்த்தம். 'ஸேயிங்'னு போடுங்கோ. அப்பதான் 'அப்படிச் சொன்னதுக்கு வருத்தப்படறேன்'னு ஆகும்."

நான் விடவில்லை. இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் அதிலும் இருந்தது. வேறு தாள் எடுத்துத் திருத்தி எழுதினேன்.

காலையில் துரை கடிதத்தை இரண்டு தரம் படித்து, 'ஸேயிங்' மேல் விரலை வைத்தார். இந்த ஊரில் பலரும் இந்த இடத்தில் தவறுகிறார்கள், நீ எப்படித் தவறவில்லை என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மை ஒய்ஃப் கரெக்டட் இட், சார்."

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போ என்றார்.

டிராம் ஏறி வந்து நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் ரசத்தை இறக்கிக்கொண்டே கேட்டாள். முகம் சிவந்திருந்தது, அடுப்பினாலா என்று தெரியவில்லை.

"அந்தக் கடுதாசியில இன்னும் ரெண்டு இடத்துல தப்பு இருந்தது," என்றாள். "பாவம், நீங்க களைச்சுப்போயிருந்தேள்னு விட்டுட்டேன்."