மேப்பிலிருந்து அழிந்த பாறைகள்

மகளின் பாட வீடியோவை இறக்கும்போது டேப்லெட்டில் இடமில்லை என்று வந்தது. எது அதிகம் அடைத்திருக்கிறது என்று பார்த்தேன். கடல் மேப் ஆப்தான். மேப்தானே, நெட்டில் மறுபடி வந்துவிடும் என்று அதன் டேட்டாவை மொத்தமாக அழித்துவிட்டேன். மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் மீனவர் குப்பத்தில் நெட்டுக்குக் குறைவே இல்லை.

என் கணவர் அந்த டேப்லெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகில் எடுத்துப் போவார். மறுநாள் விடியற்காலையும் அப்படியே போனார். கொஞ்ச நேரத்தில் கடலைப் பனி மூடியது. எட்டு மணிக்குள் மற்ற படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அவர் படகைக் காணோம். போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: கடலுக்குள் நெட் கிடையாது.

பதினோரு மணிக்கு இன்னொரு படகு அவர் படகைக் கட்டி இழுத்து வந்தது. பாறையில் மோதி இன்ஜின் விசிறி உடைந்து, அடிப்பக்கத்தில் கீறல் விழுந்திருந்தது.

"மேப்பத் தொறந்தா வெறும் நீலமா கீது. நான் வெச்ச செவப்புப் புள்ளி ஒண்ணுகூட இல்ல. இன்னா பண்ண நீ?" என்றார்.

வலையைக் கிழித்த ஒவ்வொரு பாறைக்கும் அவர் வருடக்கணக்காக வைத்த புள்ளிகள் அவை. மேப் திரும்ப வந்தது, புள்ளிகள் வரவில்லை.

இப்போது அவரைக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, பாறைகளை ஒரு நோட்டில் எழுதுகிறேன். இதுவரை பத்தொன்பது. மொத்தம் எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை. நாளை மறுபடி கடலுக்குப் போகிறார்.