நடு வீட்டு ஆணிகள்

செல்வநாயகிக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்திரண்டு வருடம் வாடகை வீட்டில் போயிற்று, பத்தொன்பது வருடம் பீங்கான் கம்பெனியில் போயிற்று. சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்கித் தனியே போடுவது அவள் வேலை. ஒன்று தப்பிப் போனாலும் மேஸ்திரி வாயில் விழ வேண்டும். அதனால் எதையும் இரண்டு முறை பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

கணவர் சாமிதுரை நேர் எதிர். கம்மாபுரத்துப் பக்கம் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போய், பதினாலு லட்சம் கைக்கு வந்த நாளிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தரகர் ராஜாங்கம் ஒரு வீட்டைக் காட்டினார். வரிசையாக மூன்று குடித்தனம், விலை இருபது லட்சம். குறைகிற ஆறு லட்சத்துக்கு பேங்க் கடன். மாதத் தவணை ஏழாயிரத்து அறுநூறு, வரும் வாடகை பத்தாயிரத்து ஐந்நூறு.

"வாடகையே கடனக் கட்டிடும் அண்ணே. நீங்க கால் மேல கால் போட்டுகிட்டு உக்காரலாம்" என்றார் ராஜாங்கம். சாமிதுரை அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் நடு வீடு பூட்டியிருந்தது. செல்வநாயகிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுத வேண்டிய நாளில், பதினொரு மணிக்குப் பத்திரம் எழுதுகிறவர் கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கே அவள் மட்டும் அந்த வீடு இருக்கும் பூதாமூருக்குப் போனாள்.

நடு வீடு திறந்திருந்தது. பாஹிமா என்ற சின்ன வயதுப் பெண், புருஷன் குவைத்தில். தண்ணீர் கேட்டதும் உள்ளே கூப்பிட்டாள். செல்வநாயகி சுவரைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். கடிகாரத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, கல்யாண போட்டோவுக்கு இரண்டு என்று பதினோரு ஆணிகள். வாடகைக்கு இருக்கிறவள் இப்படி அடிப்பாளா? அடித்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். செல்வநாயகியே சாமி படத்தை ஜன்னல் கம்பியில் கட்டித்தான் இத்தனை வருடமாகக் கும்பிடுகிறாள்.

"வாடகை எவ்ளோம்மா குடுக்குறீங்க?"

"வாடகை இல்லக்கா, போக்கியம். மொத்தமா நாலு லட்சம் குடுத்துருக்கோம். காலி பண்றப்ப அப்டியே திருப்பித் தந்துடுவாங்க. உங்க வூடு மாதிரி வெச்சுக்கோங்கன்னு ஓனரே சொன்னாரு."

"பதிவு பண்ணீங்களா?"

"இல்லக்கா, இருபது ரூவா பத்திரத்துல எழுதுனதுதான். ஏன்க்கா கேக்குறீங்க?"

செல்வநாயகியால் மறைக்க முடியவில்லை. "வூட்ட விக்கிறாங்கம்மா" என்றாள். பாஹிமா கையிலிருந்த சொம்பை அப்படியே தரையில் வைத்தாள்.

வழியெல்லாம் கணக்குதான். இரண்டு வீட்டு வாடகை ஏழாயிரம். தவணைக்கே அறுநூறு உதைக்கிறது. அதற்கு மேல் அந்த நாலு லட்சம் யார் தலையில்?

கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை. வீட்டுக்காரர் அன்புச்செல்வனைப் பார்த்து, "நடு வூட்டுப் பொண்ணோட போக்கியப் பணத்துக்கு என்னங்க வழி?" என்று நேராகக் கேட்டாள்.

ராஜாங்கம்தான் முந்திக்கொண்டார். "அது பதிவாகாத பேப்பரும்மா, செல்லாது. கிரயம் ஆனதும் காலி பண்ணச் சொல்லிடுங்க. புருஷன் ஊர்ல இல்லாத பொண்ணு, என்ன பண்ணிடப் போவுது? மத்தியானம் இன்னொரு பார்ட்டி வேற வராங்க, பாத்துக்கோங்க."

"அவங்க பிரச்சன நமக்கு எதுக்கு? பேனாவக் குடுங்க" என்று சாமிதுரை கையை நீட்டினார்.

பணப்பை செல்வநாயகி கையில் இருந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்தாள். "நாங்க குடுக்குற விலையிலேர்ந்து நாலு லட்சத்த எடுத்து, அந்தப் பொண்ணுகிட்ட எங்க எதிர்லயே குடுங்க. நாங்க எழுதுறோம்."

"அதெல்லாம் தோது படாதும்மா" என்றார் அன்புச்செல்வன்.

"ஏங்க, நம்ம நெலத்துல எறங்கக் கூடாதுன்னு சொரங்கத்துலேர்ந்து பேப்பரு வந்தப்ப நீங்க நாலு நாள் சோறு திங்கல. மறந்துட்டீங்களா?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். உண்மையில் அவளுக்கு அழுகைதான் வந்தது. இந்த ஜென்மத்தில் இனி ஒரு வீடு வாய்க்குமா என்ற பயம்.

வண்டியில் வரும்போது சாமிதுரை தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "நெலமும் போச்சு, வூடும் போச்சு. இப்ப திருப்தியா ஒனக்கு?"

வீட்டுக்கு வந்ததும் சாமிதுரை அவளிடமிருந்து பணப்பையை வாங்கி மாட்ட இடம் தேடினார். சுவரில் ஓர் ஆணி கிடையாது. பையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றார். ஆணி விஷயத்தை அப்போதுதான் அவள் சொன்னாள்.

"பதினொன்னா? எண்ணுனியா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எண்ணுனங்க."

"நாம வாங்கியிருந்தா?"

"அந்த ஆணியெல்லாம் புடுங்குன்னு நாமதான் சொல்லியிருப்போம்."