கல்லில் கட்டிய செடி

ராயபுரத்தில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு ஒரே ஜன்னல். திறந்தால் ஒரு கிடங்கின் சுவர், கை நீட்டினால் தொடலாம். வெயில் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. கட்டினவனை விட்டு விலகி, முப்பத்தெட்டு வயதில் தனியாகக் குடிவந்த எனக்கு அதுவே பெரிது. மாத்தூரில் மொட்டைமாடியும் வெயிலுமாக வாழும் என் அண்ணனுக்குத்தான் அது வீடாகவே படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னாம்மே இது, பட்டப்பகல்ல லைட்டு போட்டுகினு. கெளம்பு, நம்ம வூட்டுக்குப் போலாம்."

துளசி வைத்தேன், வெளிறிப்போய்ச் செத்தது. ரோஜா வைத்தேன், அதுவும் போனது. இரண்டையும் அண்ணன் தன் கட்சிக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு செடியாவது உயிரோடு நிற்க வேண்டும், அதை அவன் பார்க்க வேண்டும்.

எம்.கே.பி. நகரில் மீன் தொட்டி விற்கும் கடையில் விசாரித்தேன். "டியூப்லைட் வெளிச்சமே போதும்க்கா, இது சாவாது" என்று அனுபியாஸ் என்ற செடியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். தடித்த கரும்பச்சை இலை, இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, அதன் அடியில் தொங்கும் வேர். கூடவே இரண்டடித் தொட்டி, ஆறு கப்பி மீன், ஒரு சின்ன விளக்கு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்து, மருந்து வாடை போனபிறகே ஊற்றினேன். செடி விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்கவில்லை. செடி நட எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து, கிழங்கு முழுதும் மூடும்படி அழுத்தி நட்டேன்.

மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. அண்ணன் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"சாவாத செடின்னு வாங்கினு வந்த. அதுவே பூட்ச்சி. நீ எம்மாத்தரம்?"

சொல்லிவிட்டு நிதானமாகக் காபி குடித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் போனதும் செடியைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு, சண்டை போடுவதற்கென்றே கடைக்குப் போனேன். கடைக்காரர் கிழங்கை முகர்ந்து பார்த்தார்.

"பொதைச்சிட்டியாக்கா?"

"செடிய பொதைக்காம தலைமேலயா வெச்சிக்குவாங்க?"

"இத்த மண்ணுல நடவே கூடாதுக்கா. கல்லு மேல வெச்சி கட்டணும், கிழங்கு வெளிய தெரியணும். உள்ள போனா அழுவிப் பூடும்."

"அப்போ வெளிச்சம் பத்தாம சாவல?"

"இருட்டுலாம் இதுக்குப் பழக்கம். நீதான் சாவடிச்ச."

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டதில்லை.

அழுகிய பகுதியை பிளேடால் நறுக்கியதில் இரண்டு இலையும் விரற்கடை அளவு கிழங்கும் தேறின. கட்டட வேலை நடந்த இடத்தில் கிடந்த கருங்கல் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் கிழங்கை வைத்து, வலை பின்னும் நைலான் நூலால் சுற்றினேன். இறுக்கினால் கிழங்கு அறுபடும், தளர்ந்தால் செடி மிதந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசியில் மூன்று முடிச்சு போட்டேன். போட்டபிறகு சிரிப்பு வந்தது. என் கழுத்தில் விழுந்ததை யார் யாரோ போட்டார்கள். இந்த முறை மூன்றையும் போட்டது நான்.

சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் நடுங்கும். செடி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு சுருட்டிய வெளிர்பச்சை இலை ஒன்று வந்தது. மூன்றாம் மாதம் வேர்கள் கல்லைச் சுற்றிப் பிடித்திருந்தன. நூலை அறுத்து எடுத்துவிட்டு, கல்லைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன். செடி அசையவில்லை.

"சரி, செடி பொழைச்சிகிச்சி. ஜெயிச்சிட்ட இல்ல, இப்போ வா" என்றான் அண்ணன்.

"இது மொதல்ல அழுவினது இருட்டால இல்லண்ணா. பொதைச்சதால."

அவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மீனுக்குத் தீனி போட்டாயா என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு காலை மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து, போகும்போது வீட்டைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாம்மா முழிக்கிற? ஆறு மாசத்துல தங்கச்சி மனசு மாறி வந்துடுவான்னு உங்க அண்ணன் சொல்லித்தானே வூட்ட குடுத்தேன். இன்னிக்கி வண்டி எடுத்துனு வரேன்னு போன் பண்ணாரே."

என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள், என் கல்யாணத்தைப் பேசி முடித்த மாதிரியே.

"நான் காலி பண்றேன்னு சொல்லலியேம்மா. இனிமே எதுன்னாலும் என்கிட்ட பேசுங்க. அக்ரிமென்ட்ட என் பேர்ல போடுங்க."

"தனியா கீற பொம்பளைக்கி எப்டிம்மா..."

"மேல நீங்க யாரோட கீறீங்க?"

கணவர் போய் இருபது வருஷமாக ஒற்றை ஆளாக அந்த வீட்டை ஆள்பவர் அவர். என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

"வாய்தான் உனக்கு" என்றார் கடைசியில். "நாளைக்கி பத்திரம் வாங்கினு வா."

அதற்குள் சந்து முனையில் குட்டியானை வண்டி வந்து நின்றது. அண்ணன் தோளில் கயிற்றோடு இறங்கினான்.

"சாமான எட்தாம்மே."

"ஒண்ணும் வராதுண்ணா. ஆனா வண்டிய சும்மா அனுப்பாத. உங்க வூட்ல கெடக்குதே என் கல்யாண பீரோ, அத்த ஏத்தினு வந்துடு."

அண்ணன் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். மாடியை அண்ணாந்து பார்த்தான். வீட்டுக்கார அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறினான்.

மதியத்துக்கு மேல் குட்டியானை மறுபடி வந்தது. பீரோவின் தலைப்பக்கத்தை நான் பிடித்தேன், கால்பக்கத்தை அவன் பிடித்தான்.